கை நனைச்ச காலேஜ்

அந்தப் பக்கெட்டைச் சித்தெ அக்கட்டால தள்ளிப்போட்டு காலை நல்லா நீட்டி உக்காருங்க. சேலம் வரைக்குமா? நல்லதாப் போச்சு, நானும் சேலந்தான். படுக்கை மேல சாஞ்சுக்கிட்டாலும் சாஞ்சுக்குங்க, புதுசுதான், ஒண்ணும் ஆகாது. என்னது, முறுக்கா? ஐயோ வேண்டாமுங்க. மரியாதைக்குச் சொல்லலை, நெசமாலுமே வேண்டாம். காலையில இருந்து பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் தொடலை. விரதமெல்லாம் இல்லீங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்குது, சொல்றேன். நீங்க சாப்பிடுங்க.

பக்கெட்டு எம்பொண்ணுதுங்க. சிந்துஜான்னு பேரு. சேலத்துல கவர்மெண்ட் காலேஜ்ல சேர்ந்திருக்கறா, போன வாரந்தான் அவங்கம்மா கூட்டிட்டுப் போயி ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்தா. போற அவசரத்துல பக்கெட்டையும் படுக்கையையும் வீட்லயே மறந்து போட்டுட்டுப் போயிட்டா. படிப்புல கெட்டிக்காரிங்க, வெவரந்தான் பத்தாது. பொழைக்கிற பொழப்புல பொம்பளைப் பிள்ளைக்கு இத்தனை மறதி ஆகுமா, சொல்லுங்க.

காலேஜ் நானே அலைஞ்சு திரிஞ்சு முடிச்ச காலேஜுங்க. சும்மா சொல்லலை. ரெண்டு மாசம் செருப்புத் தேஞ்சு போச்சு.

நமக்குக் காங்கயம் பக்கம். அந்தப் பக்கம் வந்து தரகர் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, வீட்டு வாசலுக்கே கொண்டாந்து விடுவாங்க. கல்யாணத் தரகு. முப்பது வருசமா இதேதான் பொழப்பு. பொய் சொல்லி ஒரு இடத்தை முடிச்சதில்லைங்க. கொஞ்சம் தூக்கிக் காட்டியிருப்பேன், அது வேற. மாப்பிள்ளை வட்டிக்கடையில கணக்கு எழுதறாருன்னா 'பைனான்ஸ்ல இருக்காரு'ம்பேன். அது பொய்யா? பைனான்ஸ்லதான இருக்காரு! உங்களுக்குப் பசங்க? ஒரே பையனா? என்ன பண்றாரு? சரி சரி, அதை அப்புறம் பேசுவோம்.

பொண்ணு பன்னண்டாவது முடிச்சுப்போட்டா. நல்ல மார்க்கு. இப்ப ஒரு காலேஜ் பார்க்கோணும். வெளி மாநிலமெல்லாம் நமக்கு ஆகாது, நம்ம தமிழ்நாட்டுக்குள்ளயே இருக்கோணும், கையைக் கடிக்காம இருக்கோணும். வீட்ல ரெண்டு கறவை மாடு, அப்புறம் என்ற கமிசன். கமிசன்னா ஆடியில கெடையாது, மார்கழியில கெடையாது, மத்த மாசத்துல பொண்ணு வீட்டுக்காரன் குடுத்தா உண்டு. டிவியில பட்ஜெட்டு பட்ஜெட்டுங்கறாங்களே, என்ற பட்ஜெட்டு ஒரே வரி: கடன் வாங்கப்படாது. அவ்வளவுதான்.

நான் ரோசனை பண்ணினேன். ஊரெல்லாம் நான் சொல்ற இடத்துக்குக் கண்ணை மூடிட்டுப் பொண்ணைக் குடுக்குது. ஒரு காலேஜை எடை போடத் தெரியாதா எனக்கு? மாப்பிள்ளை வீடு பார்க்கறதும் காலேஜ் பார்க்கறதும் ஒண்ணுதானுங்க. எந்த வீட்டுக்கும் நேரா உள்ள போகப்படாது. மொதல்ல எதுத்தாப்ல டீக்கடையில உக்காரோணும். அப்புறம் அயர்ன் கடை. அதுக்கப்புறம் வீட்டுப் பின்னாடி போயிப் பார்க்கோணும், முன்னாடி எல்லாரும் பெயிண்ட் அடிச்சுத்தான் வெச்சிருப்பான். ஒரு காலேஜ்ல இப்படித்தான் பின்பக்கம் போயி சுவத்துல ஏறி எட்டிப் பார்த்துட்டு இருந்தேனா, வாட்ச்மேன் வந்து சட்டையைப் புடிச்சுட்டான். "பொண்ணுக்குப் பார்க்கறேன்"னு சொன்னேன். "லேடீஸ் ஹாஸ்டல் சுவத்துல ஏறி நின்னுட்டு பொண்ணு பார்க்கறியா"ன்னு கேக்கறான்! சிந்துஜா ஓடியாந்து "எங்கப்பாதானுங்க"ன்னு சொன்னதுனால தப்பிச்சேன். திரும்பி வர்ற வழியெல்லாம் சிரிச்சா. "அப்பா, அடுத்த காலேஜ்ல ஜாதகமும் கேட்டுப் பாருங்க"ன்னா. குசும்பு. அவங்கம்மா ருக்குமணியோட குசும்பு அப்படியே வந்திருக்குது.

கடைசியா பைபாஸ்ல ஒரு காலேஜ். பேரு வேண்டாமுங்க, எதுக்கு வம்பு. அடேங்கப்பா, என்னா கட்டடம்! கண்ணாடியா நிக்குது. வாசல்லயே கோட்டு போட்ட ஒரு தம்பி. அட்மிசன் ஆபீசராம். "வாங்கப்பா, வெயில்ல வந்திருக்கீங்க"ன்னு கையைப் புடிச்சுட்டான். பெத்த மகன் அப்படிக் கூப்பிட மாட்டான். பேசினானுங்க பாருங்க, நான் வாயைப் பொளந்து பார்த்துட்டு இருந்தேன். நான் ஒரு எடத்துல எங்க நிறுத்துவனோ அங்க நிறுத்தறான். எங்க குரலை இறக்குவனோ அங்க இறக்கறான். "உங்க பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு"ங்கறான். அது நான் சொல்ற வசனமுங்க! இவன் தொழில்காரன்னு அப்பவே மனசுக்குள்ள ஒரு கும்புடு போட்டேன். தொழில் தெரிஞ்சவனை எனக்கு நெம்பப் புடிக்கும்.

ஃபீஸு எவ்வளவு தம்பின்னேன். "படிப்புக்குன்னு நாங்க பெருசா எதுவும் வாங்கறதில்லீங்கப்பா. பஸ்ஸு, யூனிபார்மு, வேலைக்குப் பயிற்சி, அது உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறது"ன்னான். உங்களுக்குத் தெரியாததா? மாப்பிள்ளை வீட்ல எப்படிச் சொல்லுவாங்க? 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க'. அப்படிச் சொல்ற வீடுன்னா பெருந்தன்மையான வீடுன்னுதான முப்பது வருசமா நான் சொல்லிட்டு வர்றேன். எனக்கு மனசு குளுந்து போச்சு.

அப்பத்தான் ஒரு காரியம் பண்ணிப்போட்டேனுங்க.

பொண்ணு பார்க்கப் போற வீட்ல கை நனைக்கப்படாதுன்னு இருக்குது, உங்க பக்கமும் அப்படித்தான? காப்பி குடிக்கலாம், கேசரியை ஸ்பூன்ல எடுத்துத் திங்கலாம். இலை போட்டுச் சோத்துல கையை வெச்சா, சம்பந்தம் முடிஞ்ச மாதிரி. அதுக்கப்புறம் வேண்டாம்னு எந்திரிச்சு வந்தா சோறு போட்டவங்களை அவமானப்படுத்தின மாதிரி. எத்தனை மாப்பிள்ளை வீட்டுக்காரங்களை நானே கையைப் புடிச்சு இழுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேன், "இன்னும் முடிவாகலை, இலையில உக்காராதீங்க"ன்னு! அப்பேர்ப்பட்ட நானு, மத்தியானம் அந்தத் தம்பி "வாங்கப்பா சாப்பிடலாம்"னு ஒரு பெரிய ஹாலுக்குக் கூட்டிட்டுப் போனானா, வாழையிலை, வடை, பாயசம், அப்பளம்னு பந்தி நடக்குது. வந்த பெத்தவங்க அல்லாரும் உக்காந்திருக்காங்க. எனக்கு நல்ல பசி. பின்பக்கமெல்லாம் சுத்திப் பார்த்த பசி. உக்காந்துட்டேன். பாயசம் ரெண்டு தடவை வாங்கினேன்.

சிந்துஜா உக்காரலை. "பசிக்கலீங்கப்பா"ன்னுட்டுத் தூணோரம் நின்னுக்கிட்டா. அந்தத் தம்பி தண்ணி டம்ளரை நீட்டினான், அதையும் வேண்டாம்னுட்டா. கூச்சப்படறாள்னு நினைச்சேன். வெவரம் பத்தாத பொண்ணு.

கையைக் கழுவிட்டு வந்தா, அந்தத் தம்பி சிரிச்சுட்டே நிக்கறான். "ரெண்டு சீட்டுத்தான் பாக்கி, இந்த வாரமே கட்டிருங்கப்பா"ங்கறான். அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு, அடக் கடவுளே, கை நனைச்சுப்போட்டமேன்னு. இனி என்ன சொல்றது? "வெள்ளிக்கிழமை வளர்பிறை, வந்து கட்டிடறேன் தம்பி"ன்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டா, ரெண்டு மாட்டையும் வித்தாத்தான் மொத வருசத்துக்கே ஆகும். ருக்குமணி எந்திரிச்சு மாட்டுக்குத் தீவனம் வெக்கப் போயிட்டா. அவ பால் ஊத்தித்தான் வீட்டுச் செலவு நடக்குது, அது எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் மாட்டு வியாபாரிக்குத் தாக்கல் சொல்லி அனுப்பினேன். என்னங்க பண்றது, சோத்துல கை வெச்சாச்சே!

வியாழக்கிழமை சாயங்காலம், மாடு கறக்கற நேரம். சிந்துஜா வந்து எம்முன்னால நின்னா. "அப்பா, நாளைக்கு எனக்குச் சேலத்துல கவர்மெண்ட் காலேஜ்ல கவுன்சிலிங். ராங்க்படி பேரு கூப்பிடுவாங்க. கூப்பிடும்போது நான் அங்க இல்லைன்னா சீட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும்"னா.

எனக்கு ஒண்ணும் புரியலை. எப்பப் போட்டே அப்ளிகேசன்னு கேட்டா, பரீட்சை ரிசல்ட்டு வந்த வாரமே போட்டுட்டாளாம். பிரௌசிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனது ருக்குமணி. அந்தம்மா மாட்டு மடியை விட்டுத் தலையை நிமுத்தவே இல்லைங்க. சர்ரு சர்ருன்னு பால்தான் வருது.

என்ன படிப்புன்னேன். ஜியாலஜிங்கறா. அப்படின்னா? "கல்லு, மண்ணு, பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு படிக்கறதுங்கப்பா." அட சாமி! எனக்கு வந்த கோபத்தைப் பார்க்கோணுமே. கம்ப்யூட்டருன்னா ஒரு மரியாதை இருக்குது. பிகாம்னாலும் ஒரு இடத்துல சொல்லிக்கலாம். கல்லு படிச்ச பொண்ணுன்னு நாளைக்கு ஒரு வீட்ல போயி நான் எப்படிச் சொல்லுவேன்? எதைத் தூக்கிக் காட்டுவேன்? கேட்டே போட்டேன்.

"நீங்க எனக்குக் காலேஜ் பார்க்கலீங்கப்பா, மாப்பிள்ளை பார்த்துட்டு இருக்கீங்க"ன்னா.

"என்ன பேச்சுப் பேசறே? வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கறேன். அவங்க வீட்ல கை நனைச்சிருக்கறேன்"னேன்.

"கை நனைச்சது நீங்கதான? நான் தண்ணிகூடக் குடிக்கலையே. வேணும்னா நீங்க போயி அந்தக் காலேஜ்ல சேர்ந்துக்குங்க."

ருக்குமணி சிரிச்சுட்டா. மாடு மிரண்டு போச்சு. எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. தூணோரம் நின்னாளே, டம்ளரைத் தொடலையே, அத்தனையும் கூச்சமில்லைங்க! எந்த வீட்ல எப்ப உக்காரோணும், எப்ப உக்காரப்படாதுன்னு சின்ன வயசுல இருந்து நான் போன்ல கத்தறதைக் கேட்டு வளர்ந்தவதான. அதோட நிறுத்தினாளா? "அவசரப்படுத்தற வீட்ல ஏதோ கொறை இருக்கும்னு நீங்கதானுங்கப்பா சொல்லுவீங்க. அந்த ஆளு எதுக்கு அத்தனை அவசரப்படுத்தறாரு?"ன்னு ஒரு கேள்வி. நான் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வெளியில போயிட்டேன். பதில் சொல்லத் தெரியாம இல்லை. காத்து வாங்கலாம்னு போனேன்.

காலையில மாட்டு வியாபாரி வந்தான். நான் சட்டையை மாட்டறதுக்குள்ள ருக்குமணி வாசல்லயே வெச்சு "மாடு விக்கறதுக்கில்லீங்க, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிப்போட்டா. சிந்துஜா குளிச்சு, ரெட்டைச் சடை பின்னி, பையோட நிக்கறா. மூஞ்சி மட்டும் அழுத மூஞ்சி. "அப்பா, வாங்கப்பா, நீங்க வராம நான் போக மாட்டேன்"னா. இந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாம இருந்திருந்தா நான் பைபாஸ் பஸ்ஸுல ஏறியிருப்பேனுங்க. சொல்லிப்போட்டா. என்ன பண்றது? சேலம் பஸ்ஸுல ஏறிட்டேன். சரி, நம்ம முறைப்படி ஒரு தடவை அந்தக் காலேஜையும் பார்த்துட்டே முடிவு பண்ணிக்கலாம்னு.

போயிப் பார்த்தா, பெயிண்டு உரிஞ்ச கட்டடம். எதுத்தாப்ல டீக்கடைக்காரனைக் கேட்டா, "காலேஜுங்களா? பரவால்லீங்க"ங்கறான். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரலை. உள்ள போனா வாங்கன்னு சொல்ல ஆளில்லை. ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்கலை. வேப்பமரத்தடியில போயி உக்காருங்க, பேரு வந்தாக் கூப்பிடறோம்னாங்க. எனக்கு நெம்ப அவமானமாப் போச்சு. பொண்ணைப் பெத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

பேரைக் கூப்பிட்டாங்க. உள்ள ஒரு பெரிய டேபிள், மூணு வாத்தியாருங்க. நடுவுல கண்ணாடி போட்ட ஒரு அம்மா. "உன் மார்க்குக்கு வேற குரூப்பே கிடைக்கும், ஜியாலஜி ஏம்மா கேக்கறே?"ன்னாங்க. எனக்கு உசுரு வந்துச்சு. நல்லாக் கேளு தாயேன்னு நினைச்சேன்.

இவ பையில கையை விட்டு ஒரு கல்லை எடுத்து டேபிள் மேல வெக்கறா. எங்க ஊரு வெவசாயக் காட்டுக் கல்லுங்க. உழுதாக் கலப்பைக் கொழுவுல மாட்டும், எடுத்து வரப்புல வீசுவாங்க. "எங்க ஊர்ல உழற போதெல்லாம் இது மேல வருதுங்க மேடம். எங்கப்பாவைக் கேட்டா கல்லும்பாரு. இது எப்படி அங்க வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோணும்"னா. அந்தம்மா அதைக் கையில வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "எந்த ஊரும்மா நீ?"ன்னு கேட்டுட்டு என்னமோ சொன்னாங்க. இவ என்னமோ கேட்டா. அவங்க சொல்ல, இவ கேக்க, நான் ஒருத்தன் அங்க நிக்கறதையே ரெண்டு பேரும் மறந்துட்டாங்க.

அப்ப எம்பொண்ணு மூஞ்சியைப் பார்த்தேனுங்க.

முப்பது வருசத்துல எத்தனை பொண்ணு பார்க்கற வீட்ல உக்காந்திருப்பேன். காப்பித் தட்டோட வந்து, நிமுந்து ஒரு பார்வை பார்க்குமுங்க பொண்ணு. 'எனக்குப் புடிச்சிருக்குது'ன்னு அந்த மூஞ்சியே சொல்லோணும். அப்படி ஒரு மூஞ்சியை நான் நாலஞ்சு தடவைதான் பார்த்திருக்கேன். மத்ததெல்லாம் பெரியவங்க முடிச்சது, நான் முடிச்சு வெச்சது. பொய் சொல்லலைங்க. அந்த மூஞ்சியோட எம்பொண்ணு நிக்கறா, ஒரு கல்லைப் பார்த்துட்டு.

சீட்டு கெடைச்சுது. ஃபீஸு என்ற ஒரு கல்யாணக் கமிசனுக்குள்ள அடங்கிருச்சு, நம்ப மாட்டீங்க. அங்கயே கட்டினோம். வெளியில வந்தா "அப்பா, வாங்க, சாப்பிடலாம்"னு கேன்டீனுக்கு இழுத்துட்டுப் போனா. தட்டுல எலுமிச்சஞ்சோறு வாங்கி, ஸ்பூனைத் தூக்கித் தூரப் போட்டுட்டு, அஞ்சு வெரலையும் விட்டுப் பெசைஞ்சு ஒரு வாய் தின்னா. தின்னுட்டு என்னைப் பார்த்து, "கை நனைச்சுட்டேனுங்கப்பா. முடிஞ்சுது"ன்னா.

எனக்கும் ஒரு தட்டு வாங்கி வெச்சா. நான் தொடலை. வீம்புதான், வேறென்ன. பசியில வயிறு கூப்பாடு போடுது, நான் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்தேன். அவ என்ற மூஞ்சியைப் பார்த்துட்டே அந்தத் தட்டையும் தின்னு முடிச்சா. ரெண்டாவது தட்டு அவளுக்கு எறங்கலை, எனக்குத் தெரிஞ்சுது. அப்பவும் நான் பேசலைங்க. பஸ்ஸுலயும் பேசலை. வீட்லயும் பேசலை. ஹாஸ்டலுக்குக் கெளம்பின அன்னிக்குக் காலைத் தொட்டுக் கும்புட்டா, அப்பவும் 'ம்'னுட்டு நின்னேன். பஸ்ஸு போனப்புறம் வீட்டுக்குள்ள வர முடியலை. மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி கொட்டகையிலயே நின்னுட்டு இருந்தேன்.

அந்த பைபாஸ் தம்பி? இன்னும் போன் பண்றான். "அப்பா, இன்னொரு நல்ல நாள் பாருங்க"ங்கறான். தொழில்காரன். விடமாட்டான்.

முந்தாநாள் சிந்துஜா போன் பண்ணினா. அவங்கம்மாகிட்டப் பேசாம, போனை அப்பாகிட்டக் குடுன்னு சொல்லிட்டா. "அப்பா, பக்கெட்டும் படுக்கையும் மறந்துட்டேன், தரையில படுத்துக் குளுருது"ன்னா. அவங்கம்மாவை அனுப்பறேன்னேன். ருக்குமணிக்கு உடனே மொழங்கால் வலி வந்துருச்சு. சரின்னுட்டேன். பொண்ணு அப்புறம் சொல்றா, ஞாயித்துக்கெழமை, அதான் இன்னிக்கு, புதுசா சேர்ந்த பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு மெஸ்ல சாப்பாடு போடறாங்களாம். "ஒரு டோக்கன்தான் வாங்கியிருக்கேன், உங்க பேர்ல"ன்னா. ஏன் ஒண்ணுதான் வாங்கினா? அவங்கம்மாவும் வந்தா என்ன பண்ணுவா? அதுதான் சொல்றேன், வெவரம் பத்தாது.

உங்க பையனுக்கு என்ன வயசுன்னு சொன்னீங்க? இல்லீங்க, என்ற பொண்ணுக்குக் கேக்கலை. அந்தப் பேச்சே எடுக்கப்படாது, மூணு வருசத்துக்கு வீட்ல ஜாதகம்ங்கற வார்த்தையே வரப்படாதுன்னு அவ உத்தரவு. வேற ஒரு நல்ல இடம் இருக்குது. ஆனா மொதல்ல பையனைக் கேட்டுக்குங்க. அந்தப் பொண்ணையும் கேட்டுடலாம். இப்பல்லாம் நான் கேட்டுடறதுங்க.

அந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. படுக்கையைச் சித்தெ எடுத்துக் குடுங்க. முறுக்கைத் திரும்ப நீட்டறீங்களே! பசிதானுங்க, கண்ணு இருட்டுது. காலையில ருக்குமணி கூட ரெண்டு இட்லியாவது தின்னுட்டுப் போங்கன்னு தட்டோட பின்னாலயே வந்தா. வேண்டாம்னுட்டேன். வயித்தைக் காலியா வெச்சிருக்கேன். இன்னிக்கு எம்பொண்ணு காலேஜ்ல நானு கை நனைக்கோணும்.